புளியங்கொட்டை வைக்காத இடம்

ஊஞ்சப்புதூர்,
16-2-1997.

அன்புள்ள தம்பி சென்னகிருஷ்ணனுக்கு,

அண்ணி பங்காரம்மா எழுதுவது. இங்கே எனக்கும் செவலைப் பசுவுக்கும் ஒரு குறையும் இல்லை. சூரத்தில் நீங்களும் தங்கச்சியும் குழந்தை மௌனிகாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா?

ஊராட்சித் தலைவரம்மா ஆகி நாலு மாதத்துக்குப் பிறகு எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். கோயமுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியில் ஐந்து நாள். முப்பது தலைவர்கள், பன்னிரண்டு அதிகாரிகள். எல்லாரையும் கலந்து தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். எந்தப் பேச்சிலும் ஊர்க்காரர் முதலில் பேச வேண்டும், அதிகாரிகள் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும் என்று சட்டம். நம் ஒன்றியத்து ஓவர்சியர் மைதீன் பிச்சை என் பக்கத்தில் சம்மணம் போட முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க தலைவரம்மா, இருவது வருசம் சர்வீஸ் போட்டுப்போட்டு இப்ப ஒண்ணாங்கிளாஸுங்களா" என்று முனகினார்.

மூன்றாம் நாள்தான் எனக்கு வாய் அடைத்துப்போனது. மண்ணைக் குவித்து மேடு, காடு, ஊர் என்று ஒரு சின்ன உலகத்தையே முற்றத்தில் செய்து வைத்திருந்தார்கள். அதன்மேல் பூவாளியால் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் யாரையும் வழி கேட்கவில்லை. தானே கிளை பிரிந்து, தானே சேர்ந்து, கடைசியில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்தது. கொடுமுடியில் காவிரிக்கரையில் வளர்ந்தவள் நான். தண்ணீர் என்றால் ஆற்றில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் விழும் ஒவ்வொரு சொட்டும் எங்கேயோ நடந்து போகிறது என்று முப்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

நம் ஒன்றியத்தில் ஒரே ஒரு ஊருக்கு இந்த வருஷம் கசிவுநீர்க் குட்டை தருகிறார்கள். மழை நீரைத் தேக்கினால் சுற்றிலும் உள்ள கிணறுகள் ஊறுமாம். ஆகஸ்டு முடிவதற்குள் சரியான இடத்தைக் கிராம சபையில் தீர்மானித்துக் கொடுக்கிற ஊருக்குத்தான். நமக்கோ நாலு நாளைக்கு ஒருதரம் லாரித் தண்ணீர். இதை நான் விடப்போவதில்லை. எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் உங்கள் அண்ணன் பெயருக்கு விழுந்தது. கண் மூடுகிற வரை நம் போர்த் தண்ணீரை ஊருக்கே திறந்துவிட்ட மனுஷன் அல்லவா? போர் வற்றிப்போனாலும் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும்.

குழந்தையை வெயிலில் விட வேண்டாம்.

அண்ணி,
பங்காரம்மா.


சூரத்,
1-3-1997.

மாண்புமிகு ஊஞ்சப்புதூர்த் தலைவரம்மா சமூகத்துக்கு,

கடைக்கோடிப் பிரஜை சென்னகிருஷ்ணன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மௌனிகாவின் சளி போய்விட்டது, இப்போது வாய்தான் நிற்பதில்லை. "பெரியம்மா கலெக்டரா?" என்று கேட்கிறாள். அதற்கும் மேலே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரவு ஷிப்டில் நம் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். மைதீன் பிச்சை சம்மணம் போட முடியாமல் திணறிய இடத்தில் சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. அண்ணன் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். குட்டை நமக்குத்தான் வரும், பாருங்கள். இங்கே கிடைக்கும் புதுமாதிரிப் புடவை ஒன்று அனுப்பியிருக்கிறேன். அடுத்த பயிற்சிக்குக் கட்டிக்கொண்டு போங்கள். அதிகாரிகள் எழுந்து நிற்பார்கள்.

தம்பி,
சென்னகிருஷ்ணன்.


ஊஞ்சப்புதூர்,
30-3-1997.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். புடவை வந்தது. மயில் கழுத்து நிறம், ரொம்ப அழகு. தங்கச்சி தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும், உங்களுக்கு அவ்வளவு போதாது.

பயிற்சியில் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திடலில் ஊர்ப் படம் வரைந்தோம். அதிகாரிகள் கையில் பேனா கூடாது. பெண்கள் கோலப்பொடியால் தரையில் வரைய வேண்டும். வீடு, தெரு, கிணறு, காடு எல்லாம் கோடாகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த நம் வார்டு உறுப்பினர் முத்தாத்தாள்தான் முன்னால் நின்று போட்டாள்.

மைதீன் பிச்சை படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, கிணத்துக்குப் போற தடம் இத்தனூண்டு, திரும்பி வார தடம் இத்தா நீளம். ஒரே தடம் எப்படீங்க ரெண்டு அளவு இருக்கும்?"

முத்தாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஒருநாளாவது கொடம் தூக்கி இருக்கீங்களா? போறப்ப வெறுங்கொடம். வாரப்ப நெறகொடம். மேட்டுல இடுப்பு மாத்தி இடுப்பு மாத்தித்தானுங்க வரோணும்." சொல்லிவிட்டு மடியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்தாள். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொட்டை. மற்ற பெண்களும் அவரவர் தடத்தில் வைத்தார்கள். அரைமணியில் படம் முழுக்கக் கொட்டை. சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் ஒன்றுகூட இல்லாமல்.

மைதீன் பிச்சையின் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து, அப்புறம் முழங்காலில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தார். "தலைவரம்மா, எங்க மேடு எங்க தாழ்வுன்னு ஊரு பூராத்துக்கும் இந்தம்மணிக வாட்டம் குறிச்சுபோட்டாங்க. நான் இதுக்கு ரெண்டு மாசம் கேப்பனுங்க" என்றார். அந்தப் பெண்கள் இடுப்பில் இத்தனை கணக்கு இருந்ததே, தம்பி. தினம் என்னைத் தாண்டித்தான் அவர்கள் போகிறார்கள். நான் குடத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். நம் தறி செட்டுக்குப் பின்னால் ஒரு முழம் இடம் மட்டும் பொடியும் இல்லை, கொட்டையும் இல்லை, வெறுந்தரை. கேட்டேன். "பொடி தீந்துபோச்சுங்க அம்மணி" என்றாள் முத்தாத்தாள். கிண்ணத்தில் பாதிப் பொடி இருந்தது.

பங்காரம்மா.


சூரத்,
12-4-1997.

அன்புள்ள அண்ணிக்கு,

யுகாதிக்கு இங்கே வேப்பம்பூ கிடைக்காமல் அலைந்தோம். அதைத் தவிர எல்லாரும் சுகம். மில்லில் புதுத் தறி இருபது இறக்கியிருக்கிறார்கள், தலை சொறிய நேரமில்லை. மௌனிகா பள்ளியில் ஆட்டத்துக்குப் பரிசு வாங்கினாள். வெயில் இங்கே உருக்குகிறது. உங்களுக்கு முழங்கை வலி எப்படி?

படம் வரைந்தது நல்லதுதான். ஆனால் அதிலேயே நாளைக் கடத்த வேண்டாம் அண்ணி. ஊருக்கு மேல்புறம் சுடுகாட்டுப் பக்கம் புறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது? அங்கே வெட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

சென்னகிருஷ்ணன்.


ஊஞ்சப்புதூர்,
4-5-1997.

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கை தேவலை. பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

மைதீன் பிச்சை போன வாரம் மூன்று நாள் இங்கேயே வந்து கிடந்தார். கையில் மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாய், கண்ணாடிபோல உள்ளே தெரியும், ஐம்பதடி நீளம். அதில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறு முனையோடு அவர் வேலி தாண்டி, மேடு ஏறி, கண்ணுக்கு மறைந்தே போய்விட்டார். என் கையில் தண்ணீர் ஆடியது, ஆடியது, அப்புறம் நின்றது. "அங்க எங்கீங்க நிக்குது?" என்று அவர் கத்தினார். நான் சொன்னேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டம். அதற்குப் பொய் சொல்லவே தெரியாது தம்பி. கோயில் கருவறைமுன் நிற்பதுபோல நின்றேன்.

மேட்டுக்காட்டிலிருந்து புளியங்கொட்டை காட்டிய தடத்திலேயே இறங்கி வந்தோம். முத்தாத்தாள் கூட்டம் வைத்த கொட்டையும் குழாயும் ஓரிடத்தில்கூட முரண்படவில்லை. கடைசியில் வந்து நின்ற இடம் நம் செட்டின் பின்சுவர்.

மைதீன் பிச்சை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேல இருந்து எறங்கியே வந்த நெலம், இங்க மட்டும் நாலடி ஏறுதுங்க. செட்டைத் தாண்டினா மறுபடி எறங்கி, வேலிக்காத்தான் மண்டிக் கெடக்கற அந்தக் குழிக்குப் போகுது. நெலம் அப்படித் தானா ஏறாதுங்க."

நான் எண்பத்து நாலில்தான் இந்த ஊருக்கு வாழ வந்தேன். அன்றைக்கே அங்கே செட் இருந்தது. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே ஒரு ஓடை இருந்ததா? ஒரே வரி எழுதினால் போதும்.

பங்காரம்மா.


ஊஞ்சப்புதூர்,
10-6-1997.

அன்புள்ள தம்பிக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தங்கச்சியாவது இரண்டு வரி போடலாம்.

செட்டை வாடகைக்கு ஓட்டும் ராமுலுவிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தறியை ஓட்டிவிட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வயசான ஆட்கள் மழை, மாப்பிள்ளை, மாட்டுத் தீவனம் எல்லாம் பேசுகிறார்கள். செட்டுப் பேச்சை எடுத்தால் "வாரனுங்க அம்மணி" என்று எழுந்துவிடுகிறார்கள். இந்த ஊர் மரியாதை சில நேரம் சுவர் மாதிரி இருக்கிறது.

சுடுகாட்டுப் பக்கம் குட்டை என்று காகிதம் தயாராக இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. குட்டையும் வரும், திறப்பு விழாவும் வரும். தண்ணீர்தான் வராது. அங்கே நிலம் வெளிப்பக்கம் சாய்கிறது.

பதில் போடுங்கள்.

பங்காரம்மா.


சூரத்,
23-6-1997.

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். வேலை அதிகம். மௌனிகாவை இரண்டாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இங்கே மழை பிடித்துவிட்டது.

செட் விஷயத்தில் உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள்.

சென்னகிருஷ்ணன்.


ஊஞ்சப்புதூர்,
1-7-1997.

தம்பிக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம்.

தோன்றியதைச் செய் என்பது பதில் இல்லை. செட்டில் பாதி உங்களுடையது. நாளைக்கு "அண்ணி அதிகாரம் வந்ததும் சொத்தை இடித்தாள்" என்ற பேச்சு வரலாம். அது போகட்டும். எனக்குக் கோபம் வேறு. நான் கேட்டது ஓடை இருந்ததா இல்லையா என்று. அதற்கு மழையும் மில்லும் மௌனிகாவும் பதிலா? ஐம்பதடிக் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் என்னிடம் நிஜம் சொல்லிவிட்டது. என் வீட்டு மனுஷர் நீங்கள் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

மௌனிகாவுக்கு முத்தம்.

பங்காரம்மா.


சூரத்,
13-7-1997.

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு சுகம். மனசு இல்லை.

ஓடை இருந்தது. ஊரில் அதைப் பள்ளம் என்போம். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடும், கீழே குட்டையில் போய் நிற்கும். நீங்கள் சொல்லும் அந்த வேலிக்காத்தான் குழிதான் குட்டை. அதில்தான் நான் நீச்சல் பழகினேன்.

எண்பத்து மூன்று கோடையில் அதை மூடியது அண்ணன். கூட இருந்தது நான். செட் போட அந்த இடம்தான் ரோட்டுக்குப் பக்கம். "பத்து நாள் ஓடற பள்ளம்தானேடா" என்றார். டிராக்டரில் மண் கொண்டுவந்து பதினொரு நாள் கொட்டினோம். பகலில் அவர் ஓட்டுவார், அந்தியில் நான். நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்வதுபோல ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாம் வருஷம் கீழ்க்கிணறு வற்றியது. அப்புறம், தூரத்தில் ஒன்றைத் தவிர, ஒவ்வொன்றாக. அண்ணன் ஒருநாள் கீழ்க்கிணற்று மேட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அடுத்த மாதமே வீட்டில் போர் போட்டு ஊருக்குத் திறந்துவிட்டார்.

என்னிடம் ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். "உங்க அண்ணி கொடுமுடிக்காரி. ஆத்தப் பாத்து வளந்தவ. இது தெரிஞ்சா எம் மூஞ்சில முழிக்க மாட்டா. சொல்லிப்போடாதடா." அவர் இருக்கும்போது காப்பாற்றிய வார்த்தையை, அவர் போன பிறகு எப்படி உடைப்பது? உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அண்ணன் பெயருக்கு விழுந்த ஓட்டு என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்கு அப்பால் பேனா நகராது.

முத்தாத்தாள் விட்டுவிட்ட இடத்தை இதோ பில் காகிதத்தின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எங்கள் அம்மா அந்தப் பள்ளத்துக் கரையோடுதான் குடம் கொண்டுவருவாள். நான் பின்னாலேயே ஓடுவேன். அந்தத் தூரம் முழுக்க அவள் ஒருதரம்கூட இடுப்பு மாற்றியதில்லை. அதனால் அங்கே கொட்டை வைக்க வேண்டியதில்லை. பொடி மட்டும் போட வேண்டும்.

என் பாதிக்குச் சம்மதக் கையெழுத்து இத்துடன். அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். என்மேல் படுங்கள்.

சென்னகிருஷ்ணன்.


சூரத்,
9-8-1997.

அண்ணி,

நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். திட்டியாவது எழுதுங்கள். மௌனிகா கேட்கிறாள்.

சென்னகிருஷ்ணன்.


ஊஞ்சப்புதூர்,
17-8-1997.

அன்புள்ள தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். கவலைப்பட வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். யாருக்கும் எழுத முடியவில்லை. பத்து நாள் அவர் படத்துக்கு விளக்குப் போடவில்லை. பதினோராம் நாள் போட்டேன்.

போர் மோட்டார் சுவிட்சை அவர் வேறு யாரையும் தொட விட மாட்டார், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சலில் கிடந்தபோதும் தானே எழுந்து போய்ப் போட்டு, கடைசிக் குடம் நிறைகிற வரை நின்றுவிட்டுத்தான் வருவார். தருமம் செய்கிறார் என்று பெருமைப்பட்டேன். ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் என்ன சுமந்தார் என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முகம் பார்த்திருக்க மாட்டேன். மூன்றாம் நாள் நானே மண்வெட்டி எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பதினைந்தாம் தேதி கிராம சபை. மேலதிகாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மைதீன் பிச்சை நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தானே தரையில் உட்கார்ந்தார். நான் எழுந்து, "பள்ளத்தை மூடினது எங்க ஊட்டுக்காரர். தெறக்கறதுக்கு எங்க குடும்பம் சம்மதிக்குது" என்றேன்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை தம்பி. அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

முத்தாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தெரியுமுங்க அம்மணி. தாலி அறுத்து நிக்கற உங்க முன்னால அந்த மனுசன் மேல ஒரு கோடு போட எங்களுக்குக் கை வருமுங்களா? கொட்டுனப்ப வேடிக்கை பாத்தது நாங்களும்தானுங்க." தண்ணீர் இல்லாமல் இத்தனை வருஷம் குடம் சுமந்தார்கள். ஆனால் என் மனசு நோகக் கூடாது என்று ஒரு முழம் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். என்ன ஜனங்கள் இவர்கள்! எனக்குக் கை கூப்பத்தான் தோன்றியது, கூப்பினேன்.

உங்கள் காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அங்கேயே பொடி கேட்டு வாங்கி, விட்ட இடத்தை வரைந்து முடித்தாள். கொட்டை வைக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ராமுலு பின்பக்கத்து நாலு தறியை முன்பக்கம் நகர்த்திக்கொள்கிறார். முணுமுணுத்தார், ஆனால் அவர் வீட்டுப் பெண்களும் குடம் தூக்குகிறவர்கள்தான்.

பங்காரம்மா.


ஊஞ்சப்புதூர்,
9-11-1997.

அன்புள்ள தம்பி சென்னகிருஷ்ணனுக்கும் தங்கச்சிக்கும்,

எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே நான், பசு, கன்று, ஊர், எல்லாம் சௌக்கியம். இதை எழுதும்போது கை ஈரமாக இருக்கிறது, எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெடுக்கும் வேலை ஐப்பசி பிறக்கும் முன்னே முடிந்தது. பின்சுவர்க் கல்லையே குட்டைக்குப் படியாகப் போட்டோம். நேற்று மத்தியானம் மேட்டுக்காட்டில் வானம் கறுத்தது. ஊரே பள்ளத்துக் கரையில் போய் நின்றது. மைதீன் பிச்சை மோட்டார் சைக்கிளை நடுரோட்டில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு செம்மண் தண்ணீர். செட்டின் பின்பக்கம் இருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு நிமிஷம் சுழன்று நின்றது. பதினாலு வருஷம் ஆயிற்றே, வழி மறந்திருக்குமோ என்று நினைத்தேன். மறக்கவில்லை. குழாய் சொன்ன வழியில், கொட்டை சொன்ன வழியில், உங்கள் அம்மா நடந்த வழியில் தலையை நுழைத்துக்கொண்டு போயிற்று. கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காவிரியில் எத்தனையோ வெள்ளம் பார்த்தவள் நான். இந்த முழங்கால் தண்ணீரைப் பார்த்துத்தான் அழுதேன்.

அடுத்த மாதம் பயிற்சி விடுதியில் புது அதிகாரிகளுக்கு இந்தப் படத்தை வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நானும் முத்தாத்தாளும் போகிறோம். மயில் கழுத்துப் புடவை அதற்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். மடியில் புளியங்கொட்டை அவள் பொறுப்பு.

அந்தக் கிராம சபையைத் தவிர இத்தனை வருஷத்தில் என் முன்னால் இந்த ஊரில் யாரும் அவரையும் பள்ளத்தையும் ஒரே பேச்சில் எடுத்ததில்லை. நேற்று குட்டை பாதி நிறைந்தபோது முத்தாத்தாள் என் தோளைத் தொட்டாள். "அம்மணி, உங்க ஊட்டுக்காரரு இதப் பாத்திருக்கோணுமுங்க" என்றாள்.

பொங்கலுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீச்சல் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

அண்ணி,
பங்காரம்மா.